தெளிந்த நீரில் வளரும் பகை



நோய்கள் அழுக்கிலே பிறக்கின்றன என்று நாம் சிறு வயது முதலே படித்து வருகிறோம். சாக்கடை நாறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஈ மொய்த்த பண்டத்தை ஒதுக்கிவிடுகிறோம். இவை நல்ல பழக்கங்களே. ஆயின், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட டெங்குக் காய்ச்சல் இந்தப் பாடத்திற்குள் அடங்காதது. அதனைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் நாம் பிடித்து வைத்த தெளிந்த நீரிலே, பெரும்பாலும் நம் வீட்டு எல்லைக்குள்ளேயே, அது பிறந்து வளர்கிறது.

மற்றொன்றும் உண்டு. காய்ச்சலில் உடம்புச் சூடு தணிந்தால் நோய் தணிந்தது என்று மகிழ்வது உலக வழக்கம். டெங்குக் காய்ச்சலிலோ, சூடு தணியும் வேளையே சிலருக்குப் பேராபத்தான வேளையாகிவிடுகிறது.

இவ்விரண்டு உண்மைகளையும் நான் பட்டறிந்தவன். அந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012ஆம் ஆண்டில் தென்மாவட்டம் ஒன்றில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியனாக இருந்தேன். அவ்வாண்டில் டெங்குக் காய்ச்சல் தமிழ்நாடெங்கும் பரவியது. அரசுக் கணக்கின்படி 12,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 66 பேர் மாண்டனர். எங்கள் பள்ளியிலும் நாள்தோறும் சிலர் காய்ச்சலென்று விடுப்பு எடுத்தனர்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலாண்டுத் தேர்வு எழுத வந்தான். பத்து மணியளவில், அவன் வயிறு வலிக்கிறதென்று மேசைமேல் தலை சாய்த்துக் கிடப்பதாக வகுப்பாசிரியர் வந்து சொன்னார். நான் சென்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே! தைரியமாக எழுதிவிட்டுப் போ" என்று முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நண்பகலில் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்துவிட்டார். "சார், காய்ச்சல் விட்டது நிசந்தான், ஆனால் பிள்ளை சரியாயில்லை. காலையிலிருந்து ஒண்ணுக்கே போகவில்லை. கையும் காலும் சில்லென்றிருக்கின்றன" என்றார். அவர் எழுத்தறியாதவர். நானோ பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, ஆண்டுதோறும் சுகாதாரப் பாடம் நடத்தியவன். மகனை அவர் தூக்காத குறையாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இன்னும் சில மணி நேரம் தாழ்த்தியிருந்தால் காப்பாற்றியிருப்பது அரிது என்று மருத்துவர் பிறகு கூறினார். பையன் பிழைத்தான். ஆயினும், நான் முதுகில் தட்டிய அந்தத் தட்டு இன்றும் என் கையை உறுத்துகிறது.

அந்தத் தாய் கண்டது என்ன? நான் காணத் தவறியது என்ன? இதை அறிய நோயின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

டெங்குக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் எனப்படும் நுண்கிருமி. 1943ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். இக்கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் ஒருமுறை நோயுற்றவரை அவ்வகை மீண்டும் தாக்குவதில்லை. ஆயின், மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான காப்பு சில மாதங்களே நிற்கும். அதன் பின்னர் வேறொரு வகை தொற்றினால், நோய் முன்னையினும் கடுமையாக மாறக்கூடும். "எனக்குத்தான் ஒருமுறை வந்து போய்விட்டதே" என்று இந்த நோயில் ஒருவரும் அமைதியடைவதற்கில்லை.

கொசு கடித்த நான்கு முதல் பத்து நாட்களுக்குள் காய்ச்சல் திடீரெனக் காணும். கடுந்தலைவலி, கண்ணின் பின்புறத்தில் வலி, எலும்பை முறிப்பது போன்ற மூட்டுவலியும் தசைவலியும், குமட்டல், சிலருக்கு உடம்பில் செந்தடிப்பு ஆகியன தோன்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் நலமடைவர். சிலருக்கு மட்டும், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்குகின்ற அதே வேளையில், உடம்பின் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. குருதியிலுள்ள நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிட, குழாய்களில் எஞ்சுவது தடித்துப் போகிறது; இரத்த அழுத்தம் வீழ்கிறது. அதனால் கைகால் குளிர்கின்றன, சிறுநீர் குறைகிறது, வயிறு வலிக்கிறது. மேலே தொட்டுப் பார்ப்பவனுக்குச் சூடு இல்லை. உள்ளேயோ உயிர் ஊசலாடுகிறது. அன்று தேர்வுக் கூடத்தில் நடந்தது இதுவே.

ஆகவே, காய்ச்சல் விட்ட பின் இரண்டு நாள் நோயாளியைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கருநிற மலம், மூச்சிரைப்பு, அமைதியின்மை, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஒன்றையே பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர்கள் அதனோடு, குருதி எவ்வளவு தடித்திருக்கிறது, அழுத்தம் எப்படியிருக்கிறது என்பவற்றையும் கூர்ந்து நோக்குகிறார்கள்.

டெங்குக் கிருமியைக் கொல்வதற்கென்று தனி மருந்து இல்லை. உரிய காலத்தில் உடம்புக்கு நீர்ப்பொருளை அளவறிந்து தருவதே உயிர் காக்கும் மருத்துவம். வீட்டிலிருக்கும்போது கஞ்சி, இளநீர், மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த உயிர்காக்கும் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி பருகக் கொடுக்கலாம். காய்ச்சலைத் தணிக்க, மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிநீக்கி மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடியவை. அவற்றைத் தொடவே கூடாது. கசாயங்களை நம்பி மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடுவதும் பெருந்தவறு.

இனி, நோயைச் சுமந்து வரும் கொசுவைப் பார்ப்போம். கொசு நோய் பரப்பும் என்னும் கருத்து ஒரு காலத்தில் நகைப்புக்கு இடமாயிருந்தது. 1881ஆம் ஆண்டில், கியூபா நாட்டின் அவானா நகரில், கார்லோஸ் பின்லே என்னும் மருத்துவர், மஞ்சள் காய்ச்சலை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்வது கொசுவே என்று அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் சொல் ஏறவில்லை. இதற்கிடையே 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், நம் நாட்டின் செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்பவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1900இல் வால்டர் ரீடு என்பவரின் தலைமையில் அமைந்த அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு, அவானாவில் ஆய்ந்து பின்லேயின் கொள்கை மெய்யே என நிறுவியது. அந்த ஆய்வின்போது மருத்துவர் ஒருவர் தம் உயிரையே கொடுத்தார்.

அன்று பின்லே குற்றஞ்சாட்டிய கொசுதான் இன்று டெங்குவைப் பரப்பும் கொசு. ஏடிஸ் எஜிப்டி என்பது அதன் பெயர். கரிய உடல், கால்களில் வெண்ணிற வளையங்கள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில் கடிப்பவை. ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. காலையில் கதிரவன் எழுந்த பின்னரும், மாலையில் மறைவதற்கு முன்னரும் அதன் கடி மிகுதி. நீங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது மேசைக்கடியில் கணுக்காலைக் கடிப்பது அதுவாகவே இருக்கக்கூடும்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை உருவாவதற்கு அதற்குக் குருதி வேண்டும். டெங்கு நோயாளி ஒருவரைக் கடித்தால், கிருமி அதன் உடம்பில் எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் பெருகி உமிழ்நீரை அடைகிறது. அதன் பின் சாகும்வரை அது நோய் பரப்பும் கொசுவே. ஆதலால், காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் செய்யுங்கள். அந்த வலை, அவர் குருதி கொசுவுக்குப் போகாமல் தடுத்து, வீட்டிலுள்ள மற்றவர்களைக் காக்கிறது.

முட்டையிடும் முறைதான் நாம் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டியது. ஏடிஸ் கொசு தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கடுகினும் மிகச் சிறிய கரிய முட்டைகளைத் தனித்தனியே ஒட்டி வைக்கிறது. நீர் மேலேறி நனைத்ததும் அவை பொரிகின்றன. நீர் படாவிட்டாலோ பல மாதங்கள் உலர்ந்தபடியே உயிரோடு காத்திருக்கின்றன. கோடை முழுவதும் காய்ந்து கிடந்த பாத்திரத்தில் முதல் மழை பெய்ததும் புழு நெளிவதன் காரணம் இதுவே. புழு நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, பின்னர்ச் சிறகு பெற்றுப் பறக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் இவ்வளவும் நடந்து முடிய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும்.

இந்தக் கணக்கிலேதான் நம் வெற்றி இருக்கிறது. வாரம் ஒருமுறை தவறாமல் நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்சுவரை நாரால் அழுந்தத் தேய்த்துக் கழுவினால், ஒரு கொசுகூடச் சிறகு பெற வழியில்லை. நீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டை சுவரில் இருக்கிறது அன்றோ?

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1901ஆம் ஆண்டில் அவானா நகரில் கோர்காஸ் என்னும் இராணுவ மருத்துவர் இதனைச் செய்து காட்டினார். அவருடைய ஆட்கள் வீடுவீடாகச் சென்று நீர்த்தொட்டிகளை மூடினர். தேவையற்ற நீரைக் கொட்டினர். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினர். புழு வளரவிட்ட வீட்டாருக்குத் தண்டம் விதித்தனர். தலைமுறை தலைமுறையாக அந்நகரை வாட்டிய மஞ்சள் காய்ச்சல் சில மாதங்களில் மறைந்தது. அக்காலத்தில் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

ஆயின், கதை அத்தோடு முடியவில்லை. காலப்போக்கில் அங்கே கொசு மீண்டும் பெருகியது. பின்லே பேசிச் சரியாக நூறாண்டு கழித்து, 1981ஆம் ஆண்டில், அதே கியூபாவில் டெங்குக் காய்ச்சல் கொள்ளை நோயாக எழுந்தது. 3,44,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 158 பேர் இறந்தனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள். கொசுவை ஒருமுறை வென்றுவிட்டோம் என்று ஓய்வது எத்தகைய பேதைமை என்பதற்கு வேறு சான்று வேண்டா. நம் நாட்டிலும் 1963ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும், 1996ஆம் ஆண்டில் டில்லியிலும் இந்நோய் பெரிதாகப் பரவியது. டில்லியில் மட்டும் அவ்வாண்டு நானூறு பேருக்கு மேல் இறந்தனர்.

இப்போது என் பள்ளிக்கு மீண்டும் வருவோம். அந்த மாணவன் மருத்துவமனையில் இருந்தபோது, சுகாதார ஆய்வாளர் ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பள்ளிக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைக் காட்டி, "இதைத் தூர்வாரும்படி எத்தனை முறை எழுதிவிட்டேன்!" என்று குறை கூறினேன். அவர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது தூர்வார வேண்டியதுதான், ஐயா, ஆனால் நான் தேடுவது இங்கே இல்லை" என்றார். கைவிளக்குடன் சத்துணவுக் கூடத்தின் கைகழுவும் சிமென்டுத் தொட்டியைப் பார்த்தார், புழு நெளிந்தது. பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளைப் பார்த்தார், அங்கும் நெளிந்தது. இறுதியாக என் அறைக்குள் வந்தார். என் மேசைமேல் அழகுக்காக ஒரு கண்ணாடிக் குப்பியில் மணிபிளான்ட் கொடி வைத்திருந்தேன். அவர் விளக்கை அதன்மேல் பாய்ச்சியதும், தெளிந்த நீரில் பத்துப் பன்னிரண்டு புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாணவனைக் கடித்த கொசு எங்கே பிறந்ததென்று யாரால் கூற முடியும்? அவன் வீட்டிலும் பிறந்திருக்கலாம். என் மேசையிலும் பிறந்திருக்கலாம். ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் இருநூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே வாழ்ந்து மடிவது. அவன் வகுப்பறையோ என் அறையிலிருந்து முப்பது அடி தூரம்.

அவ்வாரம் முதல் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையை இதற்கென்று ஒதுக்கினோம். ஒவ்வொரு வகுப்பும் பள்ளியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் சனிக்கிழமை தத்தம் வீட்டைச் சோதித்து, திங்களன்று கண்டதைச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன இடங்கள் எனக்கே வியப்பளித்தன. மின்சார அரைவை இயந்திரம் வந்தபின் கொல்லையில் ஒதுக்கப்பட்ட ஆட்டுக்கல்லின் குழியில் மழைநீர், கூரைமேல் எறிந்த பழைய டயர், கொட்டாங்கச்சி, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறமுள்ள தட்டு, மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி. முதல் திங்கட்கிழமை ஏறக்குறைய எல்லாரும் கையைத் தூக்கினர். ஐந்தாறு வாரங்களில் தூக்கிய கைகள் ஒன்றிரண்டாயின.

ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வியை மட்டும் மறக்க இயலாது. "சார், எங்கள் தெருவில் எட்டு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்ததைக் கொட்டிவிட்டால் குடிக்க என்ன செய்வது?" என்றாள். நியாயமான கேள்வி. நீர் அரிதான இடத்தில்தான் மக்கள் நீரைச் சேர்த்து வைக்கின்றனர். சேர்த்து வைத்த இடத்தில்தான் இக்கொசு பெருகுகிறது. தண்ணீரை ஒழுங்காகத் தர வேண்டியது ஆட்சியாளர் கடமை. அதனைக் கேட்பது குடிமக்கள் உரிமை. அதுவரை கொட்ட முடியாத நீரை மூடத்தான் வேண்டும். தட்டு வைத்து மூடினால் இடுக்கு இருக்கும். நெருக்கமான நெசவுள்ள துணியை வாயில் இழுத்துக் கட்டிவிட்டால் கொசு நுழையாது. புதுநீர் வரும் நாளில், மீந்த நீரைத் துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் பயன்படுத்திவிட்டு, தொட்டியைத் தேய்த்த பின்னரே நிரப்ப வேண்டும். கிணற்றிலும் பெருந்தொட்டியிலும் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடலாம். சுகாதாரப் பணியாளர் அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்தை ஊற்ற வந்தால், கதவைச் சாத்தாமல் வழிவிட வேண்டும்.

தெருவில் புகையடித்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். புகை, அவ்வேளையில் பறக்கும் கொசுக்களில் ஒரு பகுதியைக் கொல்லும். முட்டையையோ புழுவையோ ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசு கட்டிலின் கீழும் துணிக்கொடியின் மறைவிலும் தங்குவதாதலால், தெருப்புகை அதனை எட்டுவதும் குறைவு. தன் வளாகத்தில் கொசு பெருக விடலாகாது என்னும் பொறுப்பை ஒவ்வொரு வீட்டுக்கும் விதித்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். நம் தாத்தாக்கள் காலத்திலேயே சட்டம் வந்துவிட்டது. அதனை மதித்து நடக்கும் பழக்கம்தான் இன்னும் வீடுதோறும் வரவில்லை.

மாணவர்களே! எத்தனையோ வீட்டுப் பாடங்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இன்று ஒன்றே ஒன்று. இந்த வாரம் ஒரு நாள், ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். நீர் நிற்கும் இடமெல்லாம் குனிந்து பாருங்கள். புழு கண்டால் அந்நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள், உட்சுவரைத் தேயுங்கள், பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த வாரம் அதே நாளில் மீண்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் முதியவர் தனியாக இருந்தால், அவர் வீட்டுத் தொட்டியையும் சேர்த்துக் கழுவிக் கொடுங்கள். கொசுவுக்கு மதில் தெரியாது.

அந்த மாணவன் இன்று வளர்ந்து, பணியில் அமர்ந்துவிட்டான். பொங்கலுக்கு ஊர் வந்தால் என்னைப் பார்க்க வருகிறான். வருபவன் உட்காருவதற்கு முன், என் வீட்டுத் திண்ணையிலுள்ள பூந்தொட்டித் தட்டுகளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். நான் அவனுக்குக் கற்பித்த பாடங்களுள் எது நின்றதோ அறியேன். அவன் எனக்குக் கற்பித்தது நின்றுவிட்டது.